எட்டாம் நம்பர் கம்பிக்குச் சிவப்பு ரிப்பன்

கிட்ட வாருங்கள், என் கண்ணுகளா. கதவைச் சாத்திவிட்டு அடுப்புப் பக்கமாக நகர்ந்து உட்காருங்கள். தெற்கே பனிக்கடலிலிருந்து வருகிற காற்று யாருக்கும் தயவு பார்க்காது. பன்னிரண்டாயிரம் டாலர் கேபிளும் வேலியிலிருந்து அவிழ்த்த ஒரு துண்டுக் கம்பியும் நேருக்கு நேர் மோதிய கதையை இன்றைக்கு உங்களுக்குச் சொல்லப்போகிறேன். நடுவில் ஒரு நாய் விலைபோகவிருந்தது. அதனால் கவனமாகக் கேளுங்கள்.

தெற்குக் கோடியிலுள்ள எங்கள் வைகோராவில் ஆடுகள் நாற்பதாயிரம், மனிதர்கள் அறுநூற்றுப் பத்து. அந்த வருஷக் கோடையில் இந்த இரண்டு கூட்டத்துக்கும் வித்தியாசம் தெரியாமல் போயிற்று.

காரணம், லூசியன் ஹார்கோர்ட். வடக்கே ஆக்லாந்து மாநகரத்திலிருந்து வந்தவர். கால்சட்டையில் ஒரு பொட்டுச் சேறு கிடையாது. அதைப் பார்த்தபோதே நாங்கள் சந்தேகப்பட்டிருக்க வேண்டும். கையில் ஒரு வெள்ளிப் பெட்டி. பெட்டிக்குள் வெல்வெட் துணி. துணிக்குள் சுருண்டு படுத்திருந்தது ஸ்பீக்கர் கேபிள். வெள்ளைக் கையுறை போட்டுக்கொண்டுதான் அதைத் தொடுவார். எங்கள் ஊரில் கையுறை போட்டுத் தொடுவது, கன்று போட முடியாமல் தவிக்கிற பசுவை மட்டும்தான்.

கேபிளுக்குப் பெயர் ‘பனியாறு’. ஆம்ப்ளிஃபயரிலிருந்து ஸ்பீக்கருக்குப் பாட்டைக் கொண்டுபோகிற வேலை அதற்கு. அந்த வேலையைப் பத்து டாலர் ஒயரும் செய்யும் என்று நீங்கள் சொல்வீர்கள். நாங்களும் அப்படித்தான் நினைத்திருந்தோம், பாவம், எங்களுக்கு ஞானம் பிறக்கும்வரை.

ஞானம் ஒவ்வொரு வியாழக்கிழமையும் மதியம் இரண்டு மணிக்கு ஊர் மண்டபத்தில் பிறந்தது. முதல் வாரம் பதினான்கு பேர். இரண்டாவது வாரம் எண்பது. மூன்றாவது வாரம் நாற்காலி போதாமல் கம்பளி மூட்டைகளைக் கொண்டுவந்து போட்டு உட்கார்ந்தார்கள். லூசியன் மேடையேறி மெதுவாகப் பேசுவார். அவர் எவ்வளவுக்கு எவ்வளவு மெதுவாகப் பேசினாரோ, அவ்வளவுக்கு அவ்வளவு கூட்டம் முன்னால் சாய்ந்தது.

“கேபிள்ல இந்த அம்புக்குறியப் பாருங்க. இசை இந்தத் திசையிலதான் நடக்கும். மாத்திப் போட்டா பாடகருக்கு மூச்சு முட்டும்.”

கூட்டம் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டது, பாடகருக்கு ஆதரவாக.

“கேபிள் தரையில படக் கூடாது. சில்லிப்பு ஏறினா கீழ்ச் சுரத்துக்குச் சளி பிடிச்சுக்கும். அதுக்குத்தான் இந்த மரத் தாங்கிகள். இதுக்கு விலை தனி.”

“அப்புறம், இருநூறு மணி நேரம் பாட்டு ஓட்டிப் பழக்கணும்.”

“பழக்கின பிறகும் வித்தியாசம் தெரியலன்னா?” என்று பின்னாலிருந்து யாரோ கேட்டார்கள்.

“கேபிள் பழகிடுச்சு, உங்க காது இன்னும் பழகலன்னு அர்த்தம்.”

எந்தப் பக்கம் தூக்கிப் போட்டாலும் நான்கு காலில் நிற்கிற பூனையைப் பார்த்திருக்கிறீர்கள் அல்லவா? அந்தப் பூனைகூட லூசியனிடம் வந்து பாடம் கேட்க வேண்டும்.

பிறகு அற்புதம் நடக்கும். முதலில் சாதாரண ஒயரை மாட்டி ஒரு பாட்டு. பிறகு பனியாற்றை மாட்டி அதே பாட்டு. “கண்ண மூடிக்குங்க. கண்ணு திறந்திருந்தா காது சோம்பேறியாயிடும்,” என்பார். அறுநூறு கண்கள் மூடும். இரண்டாம் முறை பாட்டு மண்டபத்தையே நிரப்பும். நெஞ்சில் வந்து இடிக்கும். கறவைப் பண்ணைக்கார வெர்ன், சொந்த மாமியார் சாவுக்கே கண் கலங்காதவன், கைக்குட்டையைத் தேடினான்.

வெர்ன் அன்றைக்கே ஒரு கேபிள் வாங்கினான். வீட்டுக்கு அல்ல, மாட்டுக் கொட்டகை ரேடியோவுக்கு.

“ஏன்ப்பா வெர்ன், பால் கூடியிருக்கா?” என்று கேட்டால், “பால் அதே அளவுதான். ஆனா பால்ல ஒரு ஆழம் வந்திருக்கு,” என்பான்.

மதுக்கடைக்காரர் ரக்பி பார்க்கிற டிவிக்கு ஒன்று மாட்டினார். நடுவரின் விசில் முன்பைவிட அநியாயமாகக் கேட்கிறது என்று எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். பாதிரியார் பிரசங்க மைக்கின் ஸ்பீக்கருக்கு ஒன்று மாட்டினார். பிரசங்கம் தெளிவாயிற்று என்றார்கள். நீளம்தான் குறையவில்லை.

இதுவரை சிரிப்புக் கதை. இனிமேல் ஃபெர்கஸ் வருகிறார்.

ஃபெர்கஸ் மக்கிட்ரிக் எழுபத்தாறு வயது ஆட்டுப்பண்ணைக்காரர். மனைவி ஐலா போய் மூன்று வருஷம். அவரிடம் மிச்சமிருந்தது ஒரு கேசட். ஏதோ ஒரு கிறிஸ்துமஸுக்கு எங்கள் மண்டபத்தில் ஐலா பாடியது. முன்வரிசையில் உட்கார்ந்து மடியில் டேப் ரெக்கார்டரை வைத்து ஃபெர்கஸ்தான் பதிவு செய்தார். பாட்டு முடிந்து, கைதட்டல் முடிந்து, ஐலா மேடையிலிருந்து இறங்கிவந்து அவரிடம் மெல்லிய குரலில் ஏதோ சொல்வாள். டேப்பில் அதுவும் இருக்கிறது. என்ன சொன்னாள் என்று அவர் யாரிடமும் சொன்னதில்லை. ஆனால் தினமும் சாயங்காலத் தேநீரோடு அந்த இடம்வரைக்கும் ஓடவிட்டுக் கேட்பார். பாட்டைவிட அந்த இரண்டு வார்த்தைக்காகத்தான் கேட்பார் என்பது ஊருக்கே தெரியும்.

கடந்த ஒரு வருஷமாக ஐலா தூரம் போய்க்கொண்டிருந்தாள். பாட்டு, கம்பளிக் கொட்டகைக்குப் பின்னாலிருந்து வருவது போலக் கேட்டது. கடைசி வார்த்தைகள் கேட்கவே இல்லை. டேப்பைத் துடைத்தார். ஸ்பீக்கரை இடம் மாற்றினார். ஒலியை முழுக்கத் திருகினார். ஒன்றும் நடக்கவில்லை.

லூசியன் அவர் வீட்டுக்கே போனார். அவருடைய தேநீரைக் குடித்தார். ஸ்பீக்கரில் காதை வைத்துக் கண்ணை மூடினார். பிறகு ஃபெர்கஸின் தோளில் கை போட்டு, காதருகே குனிந்து சொன்னார்: “உங்க மனைவி இன்னும் அந்த டேப்ல இருக்காங்க ஃபெர்கஸ். இந்த ஒயர்தான் அவங்கள வெளிய விட மாட்டேங்குது.”

பேயோட்டுகிறவன்கூட இவ்வளவு சுத்தமாக ஒரு வேலையைச் செய்யமாட்டான்.

ஃபெர்கஸிடம் அவ்வளவு பணம் கிடையாது. ஜெட் இருந்தாள். ஜெட் அவருடைய ஆட்டுநாய். கறுப்பு உடம்பு, வெள்ளைக் கழுத்து, ஆறு வயது. நாய்ப் போட்டியில் இரண்டு வருஷம் தொடர்ந்து மாவட்டத்திலேயே முதல். மலைச்சரிவில் முந்நூறு ஆடுகளை ஒரு பார்வையில் திருப்பிக் கொண்டுவருவாள். எங்கள் பக்கத்து ஆள் வீட்டை விற்பான், கட்சி மாறுவான், தேவாலயம் மாறுவான். நல்ல வயதில் இருக்கிற ஆட்டுநாயை விற்கமாட்டான். அப்படி விற்றால், அடுத்து சவப்பெட்டிக்கு அளவு எடுக்கச் சொல்லிவிட்டான் என்று அர்த்தம்.

ஃபெர்கஸ் விற்றார். வடக்கே ஒரு பண்ணைக்காரருக்கு. சனிக்கிழமை கண்காட்சி நாளன்று மாலை நான்கு மணிக்கு மண்டப வாசலில் வந்து, பணத்தைக் கொடுத்து ஜெட்டைக் கூட்டிப்போவதாகப் பேச்சு.

இந்தச் செய்தி மெரேயானாவுக்குத் தெரிந்தவிதம் இப்படி. மெரேயானா வேலி போடுகிறவள். இந்த மாவட்டத்தில் இழுத்துக் கட்டிய கம்பியில் பாதி அவள் கையால் இழுத்தது. ஊரே அவளை ஆன்ட்டி என்றுதான் கூப்பிடும், அவளைவிட மூத்தவர்கள்கூட. ஃபெர்கஸ் மட்டும் பெயர் சொல்வார். அந்தச் செவ்வாய்க்கிழமை அவருடைய பின்பக்கத்து வேலியில் இற்றுப்போன பழைய எட்டாம் நம்பர் கம்பியை, எங்கள் ஊர் வேலிக்கெல்லாம் போடுகிற தடித்த இரும்புக் கம்பியை, மாற்றிவிட்டு, தேநீர் குடிக்கலாம் என்று சமையலறைக்குள் நுழைந்தாள்.

அடுப்பில் கெட்டில் வீறிட்டுக்கொண்டிருந்தது. ஃபெர்கஸ் அதற்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார்.

“ஃபெர்கஸ், கெட்டில் கத்துது.”

பதில் இல்லை. அவளே போய் இறக்கினாள். தண்ணீர் அடியில் ஒரு விரல்கூட இல்லை. வாசலில் ஜெட் குரைத்தாள். ஃபெர்கஸ் பக்கத்தைத் திருப்பினார். மெரேயானா அவர் முன்னால் போய் நின்றபிறகுதான் தலை நிமிர்ந்தது.

“எப்ப வந்த மெரேயானா? பூனை மாதிரி நடக்குறியே.”

“என் பூட்ஸ் ரெண்டும் சேர்ந்து நாலு கிலோ,” என்றாள் அவள். “ஜெட் கழுத்துல என்ன புதுச் சீட்டு?”

அவர் சொன்னார். கேபிள், ஐலா, சனிக்கிழமை, நான்கு மணி. சொல்லி முடித்துவிட்டு, “அவ குரலக் கேக்காம நாய மட்டும் வெச்சிக்கிட்டு நான் என்ன செய்ய?” என்றார்.

மெரேயானா தேநீர் குடிக்காமலே கிளம்பினாள். வியாழக்கிழமை மண்டபத்துக்கு வந்தாள். சேற்று பூட்ஸோடு கடைசியில் நின்றாள். கண்ணை மூடச் சொன்னபோது மூடவில்லை. முப்பத்தைந்து வருஷம் முறுக்குக் கம்பியோடு வேலை செய்தவள் கண்ணை மூடமாட்டாள். மூடியிருந்தால் கண் மிஞ்சியிருக்காது.

அவள் பார்த்தது இது. சாதாரண ஒயரில் பாட்டு ஓடியபோது ஆம்ப்ளிஃபயரின் சின்னக் கண்ணாடியில் சத்த அளவு 22 என்று எரிந்தது. பனியாற்றில் பாட்டு ஓடியபோது லூசியனின் வலது கை கோட்டுப் பாக்கெட்டுக்குள் போனது. கண்ணாடியில் 27.

வெளியே வந்து வெர்னிடம் சொன்னாள். வெர்ன் மெய்சிலிர்த்துப்போனான்.

“பாத்தியா ஆன்ட்டி, கேபிளோட சக்தி நம்பரையே ஏத்திருச்சு.”

என்ன சொல்வீர்கள் இதற்கு? மெரேயானா அவனை அங்கேயே விட்டாள். நேராக யூனிஸ் வீட்டுக்கு வண்டியைத் திருப்பினாள்.

யூனிஸ் ஓய்வுபெற்ற மாவட்ட நர்ஸ். எங்கள் வேளாண் கண்காட்சியின் செயலரும் அவள்தான். முப்பது வருஷமாகக் கேக், ஸ்கோன் என்கிற சின்ன ரொட்டி, ஜாம் பிரிவுகள் அவள் கைக்குள். அவளுடைய சட்டம் ஒன்றே ஒன்று: தட்டில் நம்பர் மட்டும் தெரியும். செய்தவர் பெயர் எழுதிய சீட்டை மடித்து ஊசி குத்தி வைக்க வேண்டும். தீர்ப்பு எழுதி முடிக்கும்வரை அந்த மடிப்பு பிரியக் கூடாது. ஒருமுறை நடுவர் முன்னால், “அந்தப் பழக்கேக்கைக் கொஞ்சம் பாருங்க,” என்று இருமியதற்காகச் சொந்தத் தங்கையையே போட்டியிலிருந்து நீக்கினாள். தங்கை இன்னும் பேசுவதில்லை. யூனிஸுக்கு வருத்தமும் இல்லை.

“யூனிஸ், உன்கிட்ட ஒண்ணு கேக்கணும்,” என்றாள் மெரேயானா. “பேர் தெரிஞ்சா உங்க நடுவர் ஒரு ஸ்கோனக்கூட ஒழுங்காத் தின்ன மாட்டாருன்னுதானே சீட்ட மடிக்கிறீங்க?”

“ஆமா. பேரத் தின்னுட்டு ருசின்னு எழுதுவாங்க.”

“வியாழக்கிழமை மண்டபத்துல எல்லாரும் அதத்தான் தின்னுக்கிட்டிருக்காங்க.”

யூனிஸ் பேனாவை மூடினாள். யோசித்தாள். மறுபடி திறந்து கண்காட்சிப் பட்டியலில் ஒரு வரி சேர்த்தாள்: பிரிவு 61, ஒயர்.

லூசியனுக்கு அழைப்பு போயிற்று. கண்காட்சிக்கு மூன்று ஊர்க் கூட்டம் வரும். அவர் கண்ணுக்கு அது மூன்று ஊர்ப் பணப்பையாகத் தெரிந்திருக்க வேண்டும். மதுக்கடையில் எல்லோர் முன்னாலும் நெஞ்சில் கைவைத்துச் சொன்னார்: “என் கேபிள நான் தூக்கத்துலகூடக் கண்டுபிடிச்சிடுவேன்.”

“முழிச்சிருந்தே கண்டுபிடிங்க, போதும்,” என்றாள் யூனிஸ்.

சனிக்கிழமை மதியம். மண்டபச் சுவரோரம் முழுக்கக் கேக்குகள். சமையலறையில் சீஸ் ரோல் வாட்டுகிற வாசனை. வாசல் கம்பத்தில் ஜெட்டைக் கட்டியிருந்தார்கள். அவளை வாங்க வந்தவர் பக்கத்தில் நின்று பற்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஃபெர்கஸ் முன்வரிசையில், மடியில் டேப் ரெக்கார்டர். போட்டி முடிந்ததும் அந்தக் கேசட்டைப் பனியாற்றில் எல்லோர் முன்னாலும் ஓட்டிக் காட்டுவதாக லூசியன் வாக்குக் கொடுத்திருந்தார். ஃபெர்கஸ் முகச்சவரம் செய்து, டை கட்டி வந்திருந்தார். ஐலாவைப் பார்க்கப் போகிறவர் மாதிரி.

மேடைத் திரை இறங்கியிருந்தது. ஸ்பீக்கர் இரண்டும் திரைக்கு முன்னால். ஆம்ப்ளிஃபயரும் ஒயர்களும் திரைக்குப் பின்னால். யூனிஸ் விதிகளைப் படித்தாள்.

“உள்ள ரெண்டு ஜோடி இருக்கு. ஒண்ணு பனியாறு. இன்னொண்ணு வேற. ஆறு சுற்று. ஒவ்வொரு சுற்றுக்கும் நான் காசு சுண்டுவேன். தலை விழுந்தா பனியாறு, பூ விழுந்தா மத்தது. மாட்டுறது மெரேயானா. நீங்க கேட்டுட்டு எது ஓடுச்சுன்னு சீட்டுல எழுதி மடிச்சுக் குடுங்க. யாரும் பேசக் கூடாது. யாரும் இருமக் கூடாது.”

யூனிஸின் தங்கை தலை குனிந்துகொண்டாள்.

“சத்தம் 22-ல நிக்கும். குமிழ் மேல மெரேயானா டேப் ஒட்டிட்டா. மிஸ்டர் ஹார்கோர்ட், ரிமோட்ட இந்தத் தட்டுல வைங்க.”

“எந்த ரிமோட்?”

“வலது பாக்கெட்ல இருக்குறது.”

லூசியனின் புன்னகை ஒரு அங்குலம் வழுக்கியது. ரிமோட் வெளியே வந்தது. யூனிஸ் அதைக் கேக் தட்டில் வைத்துக் கண்ணாடி மூடியால் மூடினாள். மூடியின்மேல் ஒரு நம்பர் சீட்டு ஒட்டினாள். பழக்கம்.

முதல் சுற்று. பாட்டு ஓடியது. எழுதினார்கள். இரண்டாவது சுற்று. எழுதினார்கள். மூன்றாவதில் வெர்ன் பக்கத்துச் சீட்டை எட்டிப் பார்த்தான்; யூனிஸ் அவன் சீட்டைக் கிழித்தாள். நான்காவது சுற்றில் லூசியனின் மேலுதட்டில் வேர்வை அரும்பியது. பேனாவை எடுத்தார், வைத்தார், எடுத்தார். ஐந்தாவதில் எழுதியதை அடித்து எழுதினார்.

ஆறாவது சுற்று. வயலின் எழுந்தது. வேர்வையும் பயமும் சேர்ந்து லூசியனைத் தள்ளியிருக்க வேண்டும். விதியை மறந்து எழுந்து நின்றுவிட்டார்.

“நண்பர்களே, இதோ. இதுதான். இந்த வெதுவெதுப்பக் கேளுங்க. பனி உருகுற மாதிரி இல்ல? பட்டு மாதிரி, கம்பளி மாதிரி ஒரு மென்மை. இத எந்த ஒயரும் தர முடியாது.”

மண்டபம் பெருமூச்சு விட்டது. அத்தனை பேனாவும் ஒரே வார்த்தையை எழுதின. யூனிஸ் அவரை உட்காரச் சொல்லவில்லை. அதிலிருந்தே அவருக்குப் புரிந்திருக்க வேண்டும்.

“திரையத் தூக்கு, மெரேயானா.”

திரை ஏறியது.

பனியாறு தன் மரத் தாங்கிகளின்மேல் இளவரசி மாதிரி படுத்திருந்தது. அதன் இரண்டு முனையும் எதிலும் மாட்டப்படவில்லை. ஆம்ப்ளிஃபயரிலிருந்து ஸ்பீக்கருக்குப் போயிருந்தது, துருவேறிய, கோணலும் மாணலுமான எட்டாம் நம்பர் வேலிக்கம்பி. ஃபெர்கஸின் பின்பக்கத்து வேலியிலிருந்து செவ்வாய்க்கிழமை அவிழ்த்தது. அதில் ஒரு கொத்து ஆட்டு ரோமம்கூட ஒட்டிக்கொண்டிருந்தது. கம்பளி மாதிரி மென்மை என்றாரே, அதுமட்டும் பொய்யில்லை.

நடுவரிசைக்காரர்கள் எழுந்து நின்று எட்டிப் பார்த்தார்கள். பிறகு கடைசி வரிசையில் யாரோ குலுங்க ஆரம்பித்தார்கள். சிரிப்பு வரிசை வரிசையாக முன்னால் வந்தது. மூன்று ஊர்க்காரர்கள் கேக் மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். பாதிரியார் சிரிப்பை அடக்கி அடக்கி விக்கல் எடுத்தார்.

யூனிஸ் சிரிக்கவில்லை. முடிவைப் படித்தாள். “முதல் அஞ்சு சுற்றுச் சீட்டுல சரியா எழுதினது பாதி. காசையே ஓட்டுப் போட விட்டிருந்தாலும் இதே முடிவுதான் வந்திருக்கும். மிஸ்டர் ஹார்கோர்ட், ஆறுக்கு ரெண்டு.”

லூசியன் சும்மா விழுகிற ஆள் இல்லை. கையை உயர்த்தினார். “நியாயமா யோசிங்க. என் பனியாறு பக்கத்துல ரெண்டு மணி நேரம் இருந்திருக்கு அந்தக் கம்பி. அதோட குணம் இதுலயும் ஒட்டிக்கிச்சு.”

கேட்டீர்களா? ஒரு பாதிக் கூட்டம் இதற்கும் தலையாட்டப் பார்த்தது. சத்தியமாக.

“அப்படின்னா ஒரே ஒரு கேபிள் வாங்கி ஊர் வேலி பூரா உரசிட்டு வந்துடலாமே,” என்றாள் மெரேயானா. “எதுக்கு வீட்டுக்கு ஒண்ணு விக்கிறீங்க?” கண்ணாடி மூடியைத் தூக்கி ரிமோட்டை எடுத்தாள். “இப்ப யாரும் கண்ண மூடாதீங்க. கம்பிய நான் தொடல. பாருங்க.”

பாட்டை ஓடவிட்டு, பொத்தானை அமுக்கினாள். 23. 24. 25. 26. 27. வேலிக்கம்பி வழியாக அதே அற்புதம் எழுந்துவந்தது. மண்டபத்தை நிரப்பியது. நெஞ்சில் வந்து இடித்தது. 22-க்கு இறக்கினாள், அற்புதம் படுத்துக்கொண்டது. ஏற்றினாள், எழுந்தது. இறக்கினாள். ஏற்றினாள்.

“இதான் உங்க பனியாறு. பேட்டரி ரெண்டு டாலர்.”

வெர்ன் மெதுவாகக் கேட்டான். “அப்ப என் பால்ல இருந்த ஆழம்?”

“வாளிய அளந்து பாரு, ராசா,” என்றாள் ஆன்ட்டி.

லூசியன் ஒரு சீஸ் ரோல் வாங்கப்போவதாகச் சொல்லிவிட்டுக் கம்பி நீட்டப் பார்த்தார். முடியவில்லை. அவருடைய காருக்குப் பின்னால் நூற்றிருபது ஆடுகளோடு ஒரு லாரி நின்றது. லாரிக்காரர், கேபிள் வாங்கிய மதுக்கடைக்காரருக்கு மச்சான். எல்லோருக்கும் பணம் திரும்பியபிறகுதான் ஆடுகளுக்கு வழிவிட மனசு வந்தது. அதற்குள் அந்த வெள்ளைக் கையுறையையும் பளபளப்பு ஷூவையும் ஆடுகள் தங்களால் ஆன அளவுக்கு ஆசீர்வதித்துவிட்டிருந்தன.

ஆனால் கண்ணுகளா, உள்ளே ஒருவர் சிரிக்கவில்லை. ஃபெர்கஸ் முன்வரிசையிலேயே உட்கார்ந்திருந்தார். கம்பியைப் பார்த்தார், கேபிளைப் பார்த்தார், மடியிலிருந்த டேப் ரெக்கார்டரைப் பார்த்தார்.

“அப்ப ஒயர் இல்லைன்னா,” என்றார், யாரிடமென்று இல்லாமல், “ஐலா எங்க போனா?”

சிரிப்பு நின்றுவிட்டது. மணி மூன்றேகால்.

மெரேயானா அவருக்குப் பின்னால் போய் நின்றாள். “ஃபெர்கஸ்,” என்றாள், சாதாரணக் குரலில். அவர் அசையவில்லை. இன்னொரு முறை சொன்னாள். கடைசி வரிசைவரை கேட்டது. அவருக்குக் கேட்கவில்லை. மெரேயானா நிமிர்ந்து யூனிஸைப் பார்த்தாள். முப்பது வருஷ நர்ஸ் யூனிஸ், அந்த ஒரு வருஷமும் அவரைப் பார்த்து, “துக்கம், பாவம், பேச்சே இல்ல,” என்று சொன்னவர்களில் தானும் ஒருத்தி என்று நினைத்திருக்க வேண்டும். காது மடல்வரை சிவந்துபோனாள். ஜெல்லியின் தெளிவு பார்க்க வைத்திருந்த டார்ச்சை எடுத்து, ஃபெர்கஸின் தலையைச் சாய்த்து, காதுக்குள் அடித்துப் பார்த்தாள்.

“கர்த்தரே. ஃபெர்கஸ், இதுக்குள்ள டர்னிப் விதைச்சா ரெண்டு ஏக்கர் விளைச்சல் எடுக்கலாம்.”

“ஆ?”

சமையலறைக்குக் கூட்டிப் போனார்கள். வெதுவெதுப்பான எண்ணெய், வெதுவெதுப்பான தண்ணீர், முதலுதவிப் பெட்டியிலிருந்த ரப்பர் குமிழ். கிண்ணத்தில் என்ன விழுந்தது என்று நான் சொல்லமாட்டேன், பக்கத்தில் சீஸ் ரோல் இருந்தது. இரண்டு காதுக்கும் இருபத்தைந்து நிமிஷம் ஆயிற்று. முடிந்ததும் ஃபெர்கஸ் திடுக்கிட்டு நிமிர்ந்தார்.

“ஏன் எல்லாரும் இப்படிக் கத்துறீங்க?”

யாரும் கத்தவில்லை. குழாயில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது, அவ்வளவுதான். அவர் அந்தக் குழாயையே கொஞ்ச நேரம் பார்த்தார். வெளியே ஜெட் ஒருமுறை குரைத்தாள். ஃபெர்கஸின் தலை சட்டென்று அந்தப் பக்கம் திரும்பியது.

மெரேயானா டேப் ரெக்கார்டரை ஆம்ப்ளிஃபயரோடு இணைத்தாள். ஒயரை மாற்றவில்லை. அதே துருப்பிடித்த கம்பி, அதே ஆட்டு ரோமம். ஐலா பாடினாள்.

நல்ல குரல். ஆனால் உச்சத்தில் ஓர் இடத்தில் சறுக்கினாள். ஃபெர்கஸ் வாய்விட்டுச் சிரித்தார். “அங்க எப்பவும் வழுக்குவா. நாப்பது வருஷமா அதே இடம்.” பாட்டு முடிந்தது. கைதட்டல். நாற்காலி நகரும் சத்தம். காலடி. துணி உரசும் சத்தம். பிறகு டேப்புக்கு ரொம்பப் பக்கத்தில், தாழ்ந்த குரலில்:

“ஃபெர்கஸ், குட்டிக்குச் சாப்பாடு வெச்சியா? ஜெட் பசி தாங்க மாட்டா. அவளுக்கு வெக்காம உனக்குக் கிடையாது, சொல்லிட்டேன்.”

கிளிக். டேப் நின்றது.

 ஃபெர்கஸ் எழுந்தார். மேசையில் முதல் பரிசுக்கு நின்ற, ஆட்டிறைச்சி அடைத்த அப்பத்தை எடுத்துக்கொண்டார். முப்பது வருஷத்தில் முதல்முறையாக யூனிஸ் ஒரு போட்டிப் பொருளைத் தொட்டவரைத் தடுக்கவில்லை. அவர் வாசலுக்குப் போய்க் கம்பத்திலிருந்து கயிற்றை அவிழ்த்தார். வாங்க வந்தவர் கடிகாரத்தைப் பார்த்தார்.

“நாலு மணிக்கு இன்னும் அஞ்சு நிமிஷம் இருக்கே, பெரியவரே.”

“மன்னிச்சுக்கப்பா. நாய் விக்கிறதுக்கில்ல,” என்றார் ஃபெர்கஸ். “அவளுக்கு இன்னும் சாப்பாடு வெக்கல.”

அந்த மனிதர் இரண்டு மணி நேரம் வண்டி ஓட்டி வந்தவர். கோபப்படத்தான் வாயைத் திறந்தார். ஆனால் அவரும் ஆட்டுப்பண்ணைக்காரர். ஜெட் தின்பதைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு உள்ளே போய்த் தானும் ஓர் இறைச்சி அப்பம் கேட்டு வாங்கித் தின்றுவிட்டுக் கிளம்பினார்.

பிரிவு 61-இன் சிவப்பு ரிப்பனை யூனிஸ் எட்டாம் நம்பர் கம்பிக்குக் கட்டினாள். முதல் பரிசு. மண்டபச் சுவரில் இன்றும் தொங்குகிறது. பனியாற்றின் மரத் தாங்கிகளில் எங்கள் ஊர்க்காரர்கள் ஈர பூட்ஸைக் கவிழ்த்துக் காயவைக்கிறார்கள். அதற்கு அவை அருமையாக உதவுகின்றன.

கதை முடிந்தது என்று நினைத்தீர்களா? அடுத்த வாரம் வெர்ன் மாட்டுக் கொட்டகை ரேடியோவுக்கு எட்டாம் நம்பர் கம்பியை மாட்டினான். “பால்ல இப்ப இன்னும் ஆழம்,” என்றான். அதோடு விட்டானா? கடைக் கம்பி ஆகாது, ஃபெர்கஸின் பின்பக்கத்து வேலிக் கம்பிதான் ஆகும், அதுவும் ரோமத்தோடு இருக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டு திரிந்தான். பக்கத்து ஊரிலிருந்து ஆட்கள் கத்தரியோடு வர ஆரம்பித்தார்கள். மெரேயானா புதுவேலியில் மின்சாரம் பாய்ச்சி ஒரு பலகை மாட்டினாள்: ‘தொட்டுப் பார்த்து நம்புகிறவர்கள் தொடலாம்.’ இரண்டு பேர் தொட்டார்கள். மூன்றாமவர் வரவில்லை.

அதனால் சொல்கிறேன், என் கண்ணுகளா. கண்ணை மூடச் சொல்கிறவனின் கையைப் பாருங்கள். ஒரு ஸ்கோனுக்குக் காட்டுகிற சந்தேகத்தைச் சாமியாருக்கும் வியாபாரிக்கும் காட்டுங்கள். மூடியிருப்பது காதாக இருந்தால் வெந்நீர் போதும். புத்தியாக இருந்தால் யூனிஸிடமும் மருந்து கிடையாது, நீங்களேதான் திறந்துகொள்ள வேண்டும்.

போய் வாருங்கள். உங்கள் வீட்டுக் கெட்டில் கூவும்போது கேட்க ஒரு காது இருக்கட்டும். உங்களுக்குப் பிரியமானவர்களின் குரல் உங்கள் வீட்டைவிட்டுத் தூரம் போகாதிருக்கட்டும். உங்கள் வேலி உறுதியாக நிற்கட்டும். வாசலில் படுத்திருக்கிற ஜீவனுக்கு உங்களுக்கு முன்னால் சாப்பாடு கிடைக்கட்டும். பிறகு நீங்களும் வயிறார உண்டு, சிரித்துக்கொண்டே தூங்குங்கள்.